ஒரு வினாடிக்கு எத்தனை மாங்காய்?

மூன்றாம் ஆண்டில் காலடி வைத்ததும் நம்மிடையே எழும் முதல் கேள்வி, "என்ன ப்ராஜெக்ட் செய்யலாம்?" என்பதல்ல. "எங்கே வாங்கலாம்?" என்பதுதான். மறைப்பானேன் நண்பர்களே, எங்கள் பேட்ச் நால்வரும் அப்படித்தான் ஆரம்பித்தோம். டவுனில் ஒரு கடையில் விலை பேசியாகிவிட்டது. ரெக்கார்டு, புரோகிராம், வைவாவுக்கான கேள்வி பதில் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய். ஆளுக்கு 1,500.

அன்று மாலை சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "மாப்ள, என்னை இந்த பேட்ச்லேர்ந்து எடுத்துடுங்கடா. பரீட்சை பீஸே அம்மா குழுவுல லோன் போட்டுக் கட்டினது."

அவன் அப்பா மினி பஸ் டிரைவர். அவன் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன். இரண்டு அரியர் வேறு. எனக்கு எங்கிருந்துதான் அந்த வீரம் வந்ததோ! "யாரும் காசு தர வேணாம். நான் எழுதறேன்டா, கேம் என்ஜினே எழுதறேன்" என்று மார்தட்டிவிட்டேன்.

கேம் என்ஜின் என்றால் பெரிய பூதம் ஒன்றுமில்லை. நாடகத்துக்கு மேடை, விளக்கு, திரை எல்லாம் வேண்டும் அல்லவா? இன்று வள்ளி திருமணம், நாளை அரிச்சந்திரா என்று நாடகம் மாறலாம், மேடை அதேதான். அதுபோல எந்த விளையாட்டுக்கும் பொதுவான வேலைகளைத் தனியாகப் பிரித்து எழுதி வைத்தால் அதுதான் என்ஜின். 1993-இல் வெளிவந்த 'டூம்' என்ற விளையாட்டுக்குப் பிறகுதான் இந்தச் சொல் பரவலானது.

சி மொழியையும் எஸ்.டி.எல். என்ற இலவச நூலகத்தையும் வைத்துத் தொடங்கினேன். என்ஜினின் உயிர் ஒரு வளையம். எந்த விசை அழுத்தப்பட்டிருக்கிறது என்று பார், பொருட்களை நகர்த்து, மோதல் இருக்கிறதா என்று சோதி, படத்தை வரை, மறுபடி முதலிலிருந்து. மோதலைச் சோதிக்க நான்கே நான்கு ஒப்பீடுகள் போதும். இரண்டு செவ்வகங்களின் இடது, வலது, மேல், கீழ் விளிம்புகள் ஒன்றையொன்று தாண்டுகின்றனவா என்று பார்த்தால் முடிந்தது. படத்தைத் திரையில் நேராக வரைந்தால் கண் சிமிட்டுவதுபோல் வெட்டும். அதனால் மறைவில் முழுவதும் வரைந்து, பிறகு மொத்தமாகத் திரைக்கு அனுப்ப வேண்டும்.

இதைக் கொண்டு மாங்காய் பிடிக்கும் விளையாட்டு ஒன்று செய்தேன். மேலிருந்து மாங்காய் விழும். கீழே கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு மாங்காய் 4 புள்ளி இறங்கும்.

ஒருநாள் லேபில் அவன் என் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டான். "சுத்துக்கு இவ்வளவுன்னு வச்சிருக்கியே, வேற மிஷின்ல சுத்து வேகமா ஓடினா என்னடா ஆகும்?"

"உனக்கு இதெல்லாம் புரியாது, விடு. நீ ரெக்கார்டு வேலையைப் பாரு" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

முதல் ரிவ்யூ வந்தது. நாங்கள் பயன்படுத்திய லேப் கம்ப்யூட்டர் அன்றைக்கென்று உயிர் விட்டிருந்தது. ஒரு நண்பனின் புது லேப்டாப்பை வாங்கி ஓட்டினோம். மாங்காயா விழுந்தது? ஆலங்கட்டி மழை! 600 புள்ளி உயரத்தை இரண்டரை வினாடியில் கடக்க வேண்டிய மாங்காய், ஒரே வினாடியில் தரையில். கைடு சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இரண்டு வாரம் டைம். இல்லேன்னா வேற டைட்டில்" என்றார். வெளியே வந்ததும் மற்ற இருவரும் பிடித்துக்கொண்டார்கள். "அப்பவே கடையில வாங்கியிருக்கலாம். உன்னால நாலு பேருக்கும் போச்சு."

நான் மூன்று நாள் தூங்கவில்லை. காரணம் புரியவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு அவனிடமே போனேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"லேப் மானிட்டர் வினாடிக்கு 60 தடவை படம் மாத்துது. அந்த லேப்டாப் 144 தடவை. உன் சுத்து அதோட சேர்ந்து ஓடுது" என்றான். 60 தரம் நான்கு, 240. 144 தரம் நான்கு, 576. சரியாக 2.4 மடங்கு! "எங்கப்பா ஸ்டியரிங்கை எத்தனை தடவை திருப்பினார்னா டைம் கீப்பர் கேப்பார்? எத்தனை மணிக்கு வந்தேன்னுதான் கேப்பார். நீயும் கடிகாரத்தைப் பாரு" என்றான்.

அவ்வளவுதான் விஷயம். 'சுற்றுக்கு 4 புள்ளி' என்பதை 'வினாடிக்கு 240 புள்ளி' என்று மாற்றி, போன சுற்றுக்கும் இந்தச் சுற்றுக்கும் இடையே கழிந்த நேரத்தால் பெருக்கினோம். எந்த மிஷினிலும் ஒரே வேகம். ஆனால் புதிய வம்பு ஒன்று வந்தது. கம்ப்யூட்டர் அரை வினாடி திணறினால் மாங்காய் ஒரே தாவலில் 120 புள்ளி இறங்கி, 40 புள்ளி உயரமுள்ள கூடைக்குள் படாமலே கடந்துவிடும். அதற்கும் அவன்தான் வழி கண்டான். கழிந்த நேரத்தை அறுபதில் ஒரு வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் நகர்த்தி, மோதலையும் சோதித்துவிடுவது. அரை வினாடிக்கு 30 சிறு அடிகள். எந்த மாங்காயும் தப்பாது.

பிறகு படித்தபோது தெரிந்தது, எங்களுக்கு முன்னால் பெரியவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள் என்று. 1978-இல் ஜப்பானில் நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் 55 வேற்றுக்கிரகவாசிகள். சுடச் சுட எண்ணிக்கை குறையும், வரைய வேண்டிய வேலையும் குறையும், மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். அந்தக் குறையையே அவர் விளையாட்டின் சுவையாக வைத்துக்கொண்டார். எங்கள் மாங்காய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை!

இரண்டாம் ரிவ்யூ தேறினோம். வைவாவில் எக்ஸ்டர்னல் சார் நேரக் கணக்கு எழுதிய பக்கத்தில் விரலை வைத்து, "இது யார் எழுதினது?" என்றார். ஒரு கணம் என் வாய் 'நான்' என்று சொல்லத் துடித்தது உண்மை. "இவன்தான் சார்" என்றேன். அவன் முதலில் இங்கிலீஷில் தடுமாறினான். "தமிழ்லயே சொல்லுப்பா" என்றார் அவர். பஸ், ஸ்டியரிங், டைம் கீப்பர் எல்லாம் வந்தன. பத்து நிமிடம் எழுந்திருக்காமல் கேட்டார்.

ஜூனியர் தம்பிகள் அந்த என்ஜினைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். மாங்காயை எடுத்துவிட்டு மினி பஸ் ஓட்டப் போகிறார்களாம். தாராளமாக ஓட்டட்டும். கடைக்கு மட்டும் போகவேண்டாம்.

ஒன்று பாக்கி. எங்கள் ரெக்கார்டில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது. அகர வரிசை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் நான் வைத்த காரணம் அதுவல்ல. பைண்டிங் முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது. அதனால்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.