ஹோமியோபதி: உருண்டைக்குள் என்ன இருக்கிறது?

மூட்டு வலி, அரிப்பு, மூக்கடைப்பு என்று சொன்னால் போதும், "ஹோமியோபதி பார்த்தீங்களா?" என்று கேட்க நம் மதுரையில் ஒருவர் இருப்பார். நம் வயதுக்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஊசி இல்லை, கசப்பு இல்லை, செலவும் குறைவு. அது என்ன வைத்தியம் என்று கொஞ்சம் பார்ப்போம்.

இதைத் தொடங்கியவர் சாமுவேல் ஹானிமன். 1755-ல் ஜெர்மனியில் பிறந்த டாக்டர். ரத்தத்தை வடியவிடுவதும் பேதிக்குக் கொடுப்பதும் பெரிய வைத்தியமாக இருந்த காலம் அது. 1790-ல், மலேரியாவுக்குக் கொடுக்கும் சின்கோனா பட்டையைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். அந்தக் காய்ச்சலின் குறிகளே தனக்கு வந்ததாக எழுதினார். நல்ல உடம்பில் எந்தக் குறியை ஒரு பொருள் உண்டாக்குமோ, அந்தக் குறியுள்ள நோயை அதுவே தீர்க்கும் என்பது அவர் கொள்கை. முள்ளை முள்ளால் எடுக்கிற கணக்கு. 'நக்ஸ் வாமிகா' என்ற மருந்து நம் ஊர் எட்டிக் கொட்டையிலிருந்து வருவதுதான்.

எட்டி விஷமாயிற்றே என்பீர்கள். ஒரு பங்கு மருந்தை 99 பங்கு திரவத்தில் கலந்து குலுக்குவார்கள். அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலப்பார்கள். இப்படி 30 தடவை செய்தால் '30 சி' வீரியம். 71 அடி நிரம்பிய வைகை அணையில் ஒரு சொட்டு விட்டால்கூட ஏறக்குறைய 8 தடவை கலந்த கணக்குதான் வரும். 12 தடவையைத் தாண்டினால் மூலப்பொருள் ஒரு துளியும் மிஞ்சாது என்கிறது வேதியியல். நீர்க்க நீர்க்க வீரியம் கூடும் என்கிறது ஹோமியோபதி. சண்டையே இங்கேதான். எந்த நோய்க்கும் இது பலன் தருவதற்கு நம்பகமான சான்று இல்லை என்று ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் குழு 2015-ல் சொன்னது. நம் நாட்டிலோ 1973-லேயே சட்டம் வந்துவிட்டது. திருமங்கலத்தில் 1975 முதல் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி நடக்கிறது. படிப்பு ஐந்தரை வருடம்.

பிறகு ஏன் இத்தனை பேர் போகிறோம்? எனக்குத் தோன்றுவது இதுதான். அந்த டாக்டர் உட்கார வைத்துக் கேட்கிறார். தாகம் எப்படி, தூக்கம் எப்படி, வலி காலையிலா ராத்திரியிலா, என்ன கனவு வருகிறது? வீட்டில்கூட நம்மை யாரும் இப்படிக் கேட்பதில்லை. பல உபாதைகள் தானாகவே ஏறி இறங்குபவை. இறங்கும்போது உருண்டைக்குப் பேர்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், உருண்டை சாப்பிடத் தொடங்கியதும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான். சில மாதத்தில் காலில் புண். இரண்டு விரலை எடுத்த பிறகுதான் வீடு திரும்பினார். "அவர் ஒருத்தர்தான்யா நான் சொன்னதை முழுசாக் கேட்டார்" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அதனால் சொல்கிறேன். உருண்டை சாப்பிடுவது உங்கள் விருப்பம். சர்க்கரை, பிரஷர், இருதய மாத்திரைகளை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணினாலோ, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனம்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் சாயங்காலம் நம் வீட்டுக்கு வாருங்கள். காபியும் உண்டு.