நானிலத்தில் நான்கு சக்கரம்

பாலைக்கென்று தனி நிலம் இல்லை என்று தமிழ் வகுப்பில் கேட்டிருக்கிறோம். முல்லையும் குறிஞ்சியும் மழைவளம் குன்றி இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்பர். பலரும் இதை ஓர் இலக்கிய மரபாக மட்டுமே எண்ணித் தேர்வுக்குப் படித்து முடித்துவிடுகிறோம். ஆனால் அரபு நாட்டுப் பாலைவனத்தில் பதினான்கு மாதம் வேலை பார்த்துவிட்டு வந்து இந்தக் கல்லூரியில் சேர்ந்த எனக்கு அது கண்ணால் கண்ட உண்மை. பாலைவனம் என்பது ஒரே மணற்பரப்பு அன்று. அங்கே கெட்டித்தரை உண்டு, மணற்குன்று உண்டு, சரளைச் சமவெளி உண்டு, மலையடிவாரத்தில் நீரற்ற ஆறும் உண்டு. இந்த நான்கு நிலங்களையும் ஒரே நாளில், ஒரே புதிய வண்டியில் ஓட்டிச் சோதித்துப் பார்க்கும் வேலை எனக்கு ஒருமுறை வாய்த்தது. அதனை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பிளஸ் டூ முடித்த கையோடு, 2021-ஆம் ஆண்டின் இறுதியில் நான் ஷார்ஜா சென்றேன். துபாயிலிருந்து ஹத்தா செல்லும் நெடுஞ்சாலையின் ஓரமாக அல் பதாயர் என்றோர் இடம் உள்ளது. அங்கே செக்கச்செவேலென்று மணற்குன்றுகள் எழுந்து நிற்கும். சுற்றுலா வருவோர்க்கு 'குவாட் பைக்' எனப்படும் நான்கு சக்கர மணல்வண்டிகளை வாடகைக்கு விடும் கொட்டகைகள் அப்பகுதியில் பல உண்டு. அவற்றுள் ஒன்றில் நான் உதவியாளன். பெட்ரோல் ஊற்றுவது, காற்று வடிகட்டியில் அடைந்த மணலைக் கழுவுவது, டயரில் காற்றுப் பார்ப்பது ஆகியவை என் பணிகள். எனக்கு மேலே தலைமை மெக்கானிக்காக இருந்தவர் நாங்குநேரிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர். என் ஊர் குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் உள்ளது. நம் தேரி மணலும் அந்தப் பாலை மணலும் சிவந்திருப்பதற்கு ஒரே காரணந்தான். மணற்பரல்களின் மேல் படிந்த இரும்பின் ஆக்சைடு. "தேரிக்காட்டுப் பிள்ளைக்கு மணலப் பத்தி நான் என்னத்தச் சொல்ல?" என்று அண்ணாச்சி சிரிப்பார்.

இந்த வண்டியின் பிறப்பு சுவையானது. பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுகிறதே என்று அமெரிக்க வணிகர்கள் குறைப்பட்டதால், 1970-இல் ஹோண்டா நிறுவனம் பெரிய பலூன் போன்ற டயர்களுடன் ஒரு மூன்று சக்கர வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஜேம்ஸ் பாண்ட் படமொன்றில் அது தோன்றிப் புகழ்பெற்றது. ஆனால் மூன்று சக்கரம் திருப்பத்தில் எளிதில் கவிழும். விபத்துகள் பெருகவே, 1988-இல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தயாரிப்பாளர்கள் புதிய மூன்று சக்கர வண்டிகளை விற்பதை நிறுத்தினர். 16 வயது நிரம்பாதவர்களுக்குப் பெரிய வண்டி ஆகாது என்ற எச்சரிக்கையும் அப்போது வலுப்பெற்றது. இதற்குள் சுசூகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்திருந்தது. 1985-இல் பந்தய வேகமுடைய நான்கு சக்கர வண்டியும் அந்நிறுவனத்திலிருந்தே வெளிவந்தது. நான் சோதித்த வண்டி இந்தப் பந்தயக் கிளையின் பிந்திய வாரிசு எனலாம்.

2022 டிசம்பரில் முதலாளி அந்தப் புது வண்டியை இறக்கினார். எங்கள் கொட்டகையில் அதுவரை இருந்தவை கியர் மாற்றத் தேவையில்லாத சாதுவான வண்டிகள். புதியதோ ஒற்றை சிலிண்டரில் 700 சி.சி.க்குச் சற்றே குறைந்த எஞ்சின், ஐந்து கியர், எடை ஏறத்தாழ 190 கிலோ. இது சரிப்பட்டால் இன்னும் ஐந்து வாங்கி, இரண்டு மடங்கு வாடகைக்கு விடுவது முதலாளியின் திட்டம். அண்ணாச்சிக்கு முழங்கால் வலி. ஆகவே என்னை அழைத்து, "ஏல தம்பி, நாளைக்கு நீ இத எல்லாத் தரையிலயும் ஓட்டிப் பாத்துட்டு வா. வண்டி நல்லா இருக்கான்னு நான் கேக்கல. அது நல்லாத்தான் இருக்கும். இத யாரு கையில குடுக்கலாம், யாரு கையில குடுக்கக் கூடாதுன்னு மட்டும் வந்து சொல்லு" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய குளிர்காலத்தில், பக்கத்துக் கொட்டகையொன்றில் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்த குடும்பத்தின் பள்ளிச் சிறுவன் மணலில் கவிழ்ந்து காறை எலும்பு முறிந்து போனான். அவனைத் தூக்கிச் சென்றதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஓட்டும் கதைக்குமுன் வண்டியின் இயல்பைச் சொல்ல வேண்டும். நான்கு சக்கரம் இருப்பதால் இதனைக் காரைப் போன்றது என்று கருதுவோர் பலர். காரின் இரு பின்சக்கரங்களும் திருப்பத்தில் வெவ்வேறு வேகத்தில் சுழலும். அதற்கென நடுவில் டிபரன்ஷியல் உண்டு. பந்தய வகை குவாட் வண்டியில் அது இல்லை. இரு பின்சக்கரங்களும் ஒரே இரும்புத் தண்டில் பூட்டப்பட்டவை. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போயாக வேண்டும்; ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். ஏதாவது ஒன்று வழுக்கினால்தான் வண்டி திரும்பும். மணலில் வழுக்கும், தார்ச்சாலையில் வழுக்காது. எனவேதான் இது சாலைக்கு ஆகாத வண்டி. டயரில் காற்றழுத்தமும் நான்கைந்து பவுண்டுதான்; காரில் அது முப்பதுக்கு மேல். மோட்டார் சைக்கிளோ திருப்பத்தில் தானே சாயும். இது சாயாது. சாய வேண்டியவன் ஓட்டுபவனே. ஆகவே, இந்த வண்டியில் உட்கார்ந்து போகிறோம் என்பதே தவறு. உடம்பாலும் சேர்த்து ஓட்டுகிறோம் என்பதே சரி.

அதிகாலையில் தலைக்கவசம், மூக்குக்கண்ணாடி, கையுறை, நீண்ட பூட்ஸ் எல்லாம் அணிந்து புறப்பட்டேன். எஞ்சினை நிறுத்தும் கயிற்றின் ஒரு முனையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு எஞ்சின் உடனே நின்றுவிடும். ஆக்சிலேட்டர் கைப்பிடியை முறுக்குவதன்று. வலக்கைக் கட்டைவிரலால் தள்ளும் சிறு விசை. குலுக்கலில் தடுமாறிக் கைப்பிடியை இறுகப் பிடித்தாலும் வேகம் தானாகக் கூடிவிடாதிருக்க இந்த ஏற்பாடு.

முதல் நிலம் கொட்டகைக்குப் பின்னால் உள்ள கெட்டித்தரை. ஆண்டுக்கணக்கில் வண்டிகள் ஓடி, அது அலை அலையாக மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். உட்கார்ந்தபடி ஓட்டினால் ஒவ்வொரு மேடும் முதுகுத்தண்டில் வந்து முடியும். எழுந்து, முழங்காலைச் சற்று மடக்கி, காற்படியில் நின்று ஓட்டினேன். அப்போது முழங்கால்களே இன்னொரு ஜோடி ஷாக் அப்சார்பர் ஆகிவிடுகின்றன. மூன்றாம் கியரில் மேட்டுக்கு மேடு தொட்டுத் தொட்டு வண்டி ஓடியது. இதம்தான். ஆயினும் பத்தே நிமிடத்தில் தொடை நடுங்கத் தொடங்கியது. தினமும் ஓட்டும் எனக்கே இப்படியென்றால், அலுவலக நாற்காலியிலிருந்து நேரே வருபவர்க்கு எப்படியிருக்கும்?

இரண்டாம் நிலம் மணற்குன்று. குன்றுகளைக் காலையிலோ மாலையிலோதான் ஏற வேண்டும். சாய்ந்த வெயிலில் நிழல் விழுவதால் மேடும் பள்ளமும் தெரியும். உச்சி வெயிலில் நிழல் மறைந்து எல்லாம் ஒரே தட்டையாகத் தோன்றிக் கண்ணை ஏமாற்றும். காற்று வரும் பக்கம் குன்று மெல்லச் சரிந்திருக்கும். மறுபக்கமோ உலர்ந்த மணல் தங்கி நிற்கக்கூடிய எல்லைவரை, ஏறத்தாழ 33 பாகைக்குச் செங்குத்தாக இறங்கும். உச்சி கத்தி முனைபோல் இருக்கும். அப்பால் என்ன இருக்கிறது என்று இப்பால் நிற்பவனுக்குத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு வண்டியிலும் தலைக்குமேல் உயர்ந்த கம்பில் கொடி பறக்கும்.

அடிவாரத்திலேயே வேகத்தைத் திரட்டிக்கொண்டு ஏறினேன். எங்கள் பழைய வண்டிகள் பாதிக் குன்றில் மூச்சு வாங்கும். இது மூச்சு வாங்கவில்லை. கட்டைவிரலை இன்னும் சிறிது தள்ளினால் போதும், முன்சக்கரங்கள் இலேசாகி மேலே எழப் பார்த்தன. அந்த வலிமையில் மகிழ்ச்சியும் இருந்தது, அச்சமும் இருந்தது. உச்சியை நெருங்குமுன் வேகத்தைக் குறைத்து, மறுபக்கம் பார்த்து, உடம்பைப் பின்னால் தள்ளி, நேர்கோட்டில் இறங்கினேன். சரிவில் குறுக்கே திரும்பினால் கவிழ்வது உறுதி. பழைய வண்டியில் ஏறுபவனை அதன் பலக்குறைவே உச்சிக்குமுன் நிறுத்திவிடும். புதியதில் அந்தக் காவல் இல்லை. விரலை எடுக்கத் தெரியாதவனை அது குன்றின் மறுபக்கத்துக்கு அந்தரத்தில் வீசிவிடும்.

மூன்றாம் நிலத்துக்கு வண்டியைப் பிக்கப்பில் ஏற்றிச் சென்றோம். மணற்குன்றுகளுக்கும் ஹஜர் மலைக்கும் இடையே அல் மதாம் பக்கத்தில் சரளைச் சமவெளி விரிந்து கிடக்கிறது. ஆங்காங்கே 'காஃப்' மரங்கள். அவை வேறொன்றுமல்ல, நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான். அந்த மரநிழலில் ஒட்டகங்கள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. இங்கே ஐந்தாம் கியர்வரை போக முடிந்தது. கொடி சாட்டைபோல் அடித்தது. எதிரே தடையே இல்லாததுபோல் தோன்றும். அதுவே இந்நிலத்தின் வஞ்சகம். சரளை உருண்டை மணிகளைப் போன்றது. வேகமாகச் செல்கையில் பிரேக்கை அழுத்தினால் வண்டி நில்லாமல் வழுக்கிச் செல்கிறது. திருப்பத்தில் உடம்பை உள்பக்கம் சாய்த்து, விசையை மெல்லக் கூட்டிப் பின்சக்கரத்தை வழுக்கவிட்டுத்தான் திரும்ப முடிந்தது. பின்சக்கரம் வாரி இறைக்கும் கற்கள் பின்னால் வருபவன் முகத்தில் படும் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

வழியில் கடலுயிர்களின் புதைபடிவங்கள் நிறைந்த ஒரு பாறைமலை தொலைவில் தெரிந்தது. நம் அரியலூர்ப் பகுதியைப் போலவே, பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த இடம் அது. அத்தகைய இடத்தில் சக்கரம் படக்கூடாது என்பது அண்ணாச்சியின் கண்டிப்பு. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுச் சென்றோம்.

நான்காம் நிலம் 'வாதி' எனப்படும் காட்டாறு. மலையில் மழை பெய்தால் சற்று நேரத்தில் வெள்ளம் வந்துவிடும். ஆகையால் வானம் வெளுத்திருந்தால்தான் உள்ளே நுழைவது. படுகை முழுவதும் கருங்கற்கள். இங்கே அந்தப் பெரிய எஞ்சினின் பலத்தால் பயனில்லை. முதல் கியரிலும் அது வேண்டியதைவிட வேகமாக ஓடப் பார்த்தது; கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து இடக்கை மரத்துப்போனது. பின்தண்டின் பல்சக்கரம் தாழ்ந்திருப்பதால், கல்லை நடுவில் விட்டுக் கடந்தால் அடியில் இடிக்கும். டயரையே கல்லின்மேல் ஏற்றிக் கடக்க வேண்டும். மணற்குன்றில் அரை நிமிடத்தில் கடக்கும் தூரத்துக்கு இங்கே இருபது நிமிடம் ஆயிற்று.

மாலையில் திரும்பி வந்ததும் கண்டவற்றை அண்ணாச்சியிடம் சொன்னேன். "என்கிட்ட சொன்னது இருக்கட்டும். மொதலாளிகிட்ட நீயே சொல்லு" என்றார். எனக்கு நா வறண்டது. என் விசா முதலாளியின் கையில். ஊரில் தங்கையின் படிப்புக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. எனினும் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். வண்டியில் குறை ஒன்றும் இல்லை. வழிகாட்டிகள் ஓட்ட மிகவும் ஏற்றது. ஆனால் ஒரு மணிநேரத்துக்கு வந்துபோகும் விருந்தாளி கையில் கொடுக்கத் தக்கதன்று. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அதன் அருகிலேயே விடக்கூடாது என்றேன். முதலாளி வாடகைக் கணக்கைச் சொன்னார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார். "பையன் சொன்னதுதான் என் சொல்லும்" என்றார் அவர்.

ஐந்து வண்டிகள் வாங்கும் பேச்சு அதோடு நின்றது. வாங்கிய ஒன்று வழிகாட்டிக்கு ஒதுக்கப்பட்டது. இதனால் எங்களுக்கு நன்மையே விளைந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு மாதத்தில் வேறொரு கொட்டகை அதே வகை வண்டிகளை இறக்கி, எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேரை இழுத்துக்கொண்டது. எனக்குக் கிடைத்துவந்த அன்பளிப்புப் பணமும் குறைந்தது. வீட்டுக்கு அனுப்பியதும் குறைந்தது. ஆனால் நான் அங்கிருந்த நாள்வரை எங்கள் கொட்டகையிலிருந்து ஒரு பிள்ளையையும் யாரும் தூக்கிச் செல்லவில்லை.

2023-இல் ஊர் திரும்பி இக்கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தேன். ஈர்ப்பு மையம், திருப்புத்திறன், உராய்வு என்று பேராசிரியர் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் என் கட்டைவிரலும் முழங்காலும் முன்பே அறிந்தவற்றுக்குப் பெயர் கிடைக்கிறது. ஒரு பொருளின் ஆற்றலை அளக்கக் கருவிகள் உள்ளன. அது எவர் கையில் இருக்கத் தக்கது என்பதை அளக்க, அந்தப் பொருளை ஓட்டிப் பார்த்த ஒருவன் வாய் திறந்தாக வேண்டும். இதை எனக்குக் கற்பித்தவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்.

அண்ணாச்சியும் 2024-இல் ஊர் திரும்பி நாங்குநேரிப் பக்கத்தில் ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறார். பழைய பைக் வாங்க நினைக்கும் தகப்பன்மார் அவரிடம் வண்டியைக் காட்டி யோசனை கேட்பது வழக்கம். சென்ற பொங்கல் விடுமுறையில் நானும் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரு ஓட்டப் போறா?" என்பதுதான்.