இரு பக்கமும் 22 டிகிரி



இந்த வாரம் ஒரு காரின் பழுதைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். அதில் என் தவறும் கலந்திருப்பதால், சற்றுக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

என் தம்பி வெளிநாடு சென்றபோது எங்களிடம் விட்டுச்சென்ற காரை ஆலய வளாகத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர் பக்கத்துக்கும் அருகில் அமர்பவர் பக்கத்துக்கும் ஏசியின் வெப்பநிலையைத் தனித்தனியே வைத்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு. சென்ற கோடையில் என் துணைவியாரைத் தைராய்டு சிகிச்சைக்காக மாதந்தோறும் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. ஏப்ரலில் ஒருநாள், கயத்தாற்றைத் தாண்டியதும், "என் பக்கம் குளிர்ச்சியே வரவில்லைங்க" என்றார். திரையைப் பார்த்தேன். இரு பக்கமும் 22 டிகிரி என்று காட்டியது. "இரண்டும் ஒரே அளவில்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஓட்டினேன்.

மே மாதத்திலும் அதையே சொன்னார். "உன் பக்கம் வெயில் படுகிறது" என்றேன். ஜூனில் சொன்னபோது, "மாத்திரையினால் உனக்கு உடம்பு சூடாகிறது" என்றேன். அதன்பின் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு மௌனமாக வந்தார்.

அந்த மாதப் பரிசோதனையின்போது அவர் மருத்துவரிடம், "எனக்கு மட்டும் வேர்த்துக்கொண்டே இருக்கிறது டாக்டர், மாத்திரை அளவு கூடிவிட்டதா?" என்று கேட்டார். மருத்துவர் மறுபடியும் இரத்தப் பரிசோதனை எழுதினார். அளவு சரியாகவே இருந்தது. அருகில் அமர்ந்திருந்த எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை.

ஆகஸ்டில் என் வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. சபையின் வாலிபர் ஒருவர் காரை ஓட்ட, துணைவியார் பின்னிருக்கையில் அமர, நான் முதன்முறையாக முன்புறம் இடப்பக்க இருக்கையில் அமர்ந்தேன். விருதுநகர் வருமுன்னே என் சட்டை நனைந்துவிட்டது. எனக்கு எதிரேயிருந்த துவாரத்திலிருந்து வெதுவெதுப்பான காற்றே வந்தது. கையை நீட்டி ஓட்டுநர் பக்கத்துத் துவாரத்தில் வைத்துப் பார்த்தேன். பனிக்கட்டியைத் தொட்டதுபோல் இருந்தது. திரையில் அன்றும் இரு பக்கமும் 22 டிகிரிதான்.

அப்போதுதான் இன்னொன்றும் புலப்பட்டது. காலையில் நாங்கள் வடக்கு நோக்கிச் செல்கிறோம். கிழக்கு வெயில் வலப்பக்கம் விழும். மாலையில் தெற்கு நோக்கித் திரும்புகிறோம். மேற்கு வெயிலும் வலப்பக்கமே விழும். அந்தப் பயணத்தில் வெயில் பட்டதெல்லாம் என் பக்கந்தான். ஒரு நிமிடம் யோசித்திருந்தால், நான் சொன்ன காரணம் தவறு என்று மே மாதத்திலேயே அறிந்திருப்பேன். பின்னிருக்கையில் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை.

பழுதுபார்க்கப் போனபோதும் நான் எளிதில் பாடம் கற்றுக்கொள்ளவில்லை. முதலில் காற்று வடிகட்டியை மாற்றினேன். பயனில்லை, அது அடைத்திருந்தால் இரு பக்கமும் அல்லவா காற்று குறைந்திருக்கும்? பிறகு ஒரு பட்டறையில், இடப்பக்க மோட்டார் போய்விட்டது, டேஷ்போர்டைக் கழற்றி மாற்றவேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். பணம் கட்டுமுன், நண்பர் ஒருவர் சொல்லி, வயதில் மூத்த ஏசி மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன்.

அவர் எதையும் கழற்றவில்லை. "ஐயா, குளிர் இரண்டு இடத்தில் உண்டாவதில்லை. உள்ளே இருப்பது ஒரே கூலிங் காயில். அதிலிருந்து வரும் காற்றைத்தான் இரண்டாகப் பிரித்து அனுப்புகிறது. பக்கத்துக்கு ஒரு சிறு கதவு, அதை அசைக்க ஒரு சிறு மோட்டார். சூட்டையும் குளிரையும் கலப்பது அந்தக் கதவின் வேலை" என்று விளக்கினார். கண்ணாடிகளை ஏற்றி, இரு பக்கமும் மிகக் குறைந்த வெப்பநிலையில் வைத்து, இரு துவாரங்களிலும் வெப்பமானியைச் செருகினார். சில நிமிடங்களில் என் பக்கம் 9 டிகிரி. அவர் பக்கம் 17. பின்பு இரு பக்கத்தையும் மிக அதிகச் சூட்டில் வைத்தார். இரண்டிலும் ஒரேபோல் அனல் வந்தது. டேஷ்போர்டின் பின்னே காதை வைத்துக் கேட்டார். பல்சக்கரம் உடைந்த மோட்டார் எழுப்பும் டிக் டிக் ஓசை இல்லை. "கதவுகள் அசைகின்றன. குளிரில் மட்டுந்தான் வித்தியாசம். பெரும்பாலும் கேஸ் குறைந்திருக்கும்" என்றார்.

கேஸ் குறைந்தால் இரு பக்கமும் அல்லவா குளிர் குறையவேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன். "அது காயிலுக்குள் நுழைகிற இடத்திலேயே ஆவியாகித் தீர்ந்துவிடும் ஐயா, மறுமுனைக்கு எட்டாது. நுழைகிற முனையிலிருந்து காற்று வாங்குபவருக்குக் குறை தெரியாது. கடைசி முனையில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும்."

கேஸை வெளியே எடுத்து எடைபோட்டார். பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த சீட்டின்படி 500 கிராம் இருக்கவேண்டும். இருந்தது 310 கிராம். பெட்ரோலைப்போல அது எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். ஆகையால் வெறுமனே நிரப்பித் தராமல், நைட்ரஜனை அழுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடித்தார். இறுகிப்போன ஒரு சிறு ரப்பர் வளையம்! அதை மாற்றிச் சரியான எடையில் நிரப்பியதும், இரு பக்கமும் வெப்பமானி ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டியது.

பிரியமானவர்களே, திரையில் தெரிந்த 22 என்பது நாங்கள் கேட்ட குளிர். வந்துசேர்ந்த குளிர் அல்ல. நான் எண்ணைப் பார்த்தேனே தவிர, அருகில் இருந்தவரைப் பார்க்கவில்லை. குறை அவர் பக்கத்தில் இருக்கவுமில்லை. அது எங்கள் இருவருக்கும் பொதுவானது. நான் நுழைவாயிலில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது முறையீடு அல்ல, எச்சரிப்பு. அதை நான் அவருடைய உடம்பின் குறையாக மாற்றினேன். அவரையும் அப்படி நம்பவைத்தேன்.

அன்றிரவு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மாத்திரையினால் இல்லை என்று தெரிந்ததே, அது போதுங்க" என்றார். இத்தனை மாதம் எத்தகைய பயத்தோடு அவர் இருந்திருக்கிறார் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

சபையை ஒரே சரீரத்துக்கு ஒப்பிட்டுப் பவுல் எழுதியதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆயினும் நம் ஆலயத்தில் இடப்பக்கத் தூணருகே அமரும் தாய்மார், பிரசங்கம் கேட்கவில்லை என்று சொன்னபோதெல்லாம், வயதின் காரணம் என்றே நாங்கள் எண்ணிக்கொண்டோம். சென்ற சனிக்கிழமை பாடகர் குழுவின் பயிற்சி நேரத்தில் அங்கே போய் அமர்ந்தேன். எனக்கும் சொற்கள் தெளிவாக விளங்கவில்லை. இந்த வாரம் ஒலிபெருக்கியைப் பழுதுபார்க்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் ஒரே குறையைப் பலமுறை சொல்லி, இப்போது சொல்வதை நிறுத்தியிருக்கலாம். இந்த வாரம் ஒருமுறை அவருடைய இருக்கையில் அமர்ந்து பாருங்கள். கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.