கடப்பா கல்லுக்குப் பழைய பளபளப்பு

முருங்கை பறிப்பு முடிஞ்சு கொஞ்சம் ஓய்வு கிடைச்சது. இந்த வாரம் வெள்ளாமை இல்லாம, வீட்டு வேலை ஒண்ணைப் பத்தி எழுதறேன்.

எங்க அரவக்குறிச்சிப் பக்கம் போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும். பாத்திரத்துல ஊத்தி வச்சா வெள்ளையாப் படியும். குழாய், பக்கெட், பாத்ரூம் மேடைன்னு எல்லாத்துலயும் உப்புக்கறைதான். அதுக்கு மேல, பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆளு ஒருத்தர், கறை போகட்டும்னு எங்க பாத்ரூம் கடப்பா கல் மேடையில ஆசிட்டை ஊத்தித் தேய்ச்சிட்டாரு. கறை போச்சு, கூடவே கல்லோட கருப்பும் போச்சு. சாம்பல் பூத்த மாதிரி, தொட்டா சொரசொரன்னு ஆயிருச்சு.

கொத்தனார் வந்து பார்த்துட்டு, பேத்துட்டு கிரானைட் போட்டா 6,000 ரூபாய் ஆகும்னாரு. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கல்லு எங்க பழைய வீட்டு அடுப்படியில கிடந்தது. அம்மா அரிசி களைஞ்ச கல்லு. இப்ப அம்மாவுக்குப் பார்வை மங்கல். பாத்ரூமுக்குள்ள போனா அந்தக் கல்லோட ஓரத்தைத் தடவிக்கிட்டேதான் நடப்பாங்க. உயரம் ஒரு விரக்கடை மாறினாலும் தடுமாறிடுவாங்க. அதனால கல்லை மாத்தறதில்ல, நாமளே சரி பண்ணிடலாம்னு உட்கார்ந்தேன்.

முதல்ல காரணத்தைப் புரிஞ்சுக்கணும். கடப்பா கல்லுங்கறது ஆந்திராவுல கடப்பா பக்கம் வெட்டி எடுக்கற சுண்ணாம்புக்கல். நம்ம தண்ணியில படியற வெள்ளையும் பெரும்பாலும் சுண்ணாம்புதான். ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. சொட்டுநீர்க் குழாய் அடைச்சுக்கிட்டா ஆசிட் விட்டு எடுக்கறோம் இல்லீங்களா? குழாய் பிளாஸ்டிக், அதனால உப்பு மட்டும் கரையுது. கடப்பா கல்லுல விட்டா உப்போட சேர்த்துக் கல்லையும் தின்னுடும். எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாம் அதே வேலையை மெதுவாச் செய்யும். உங்க மேடை என்ன கல்லுன்னு சந்தேகம்னா, கண்ணுல படாத மூலையில ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு உடனே கழுவிப் பாருங்க. நுரைச்சா சுண்ணாம்புக்கல் இல்லைன்னா மார்பிள். கிரானைட் நுரைக்காது.

இனி வேலைக்கு வருவோம். ஈரத்துணியை ஒரு மணி நேரம் கறை மேல போட்டு வச்சு, சோப்புத் தண்ணியில கழுவணும். தடிச்ச உப்பை பழைய பிளாஸ்டிக் ஸ்கேலால சுரண்டணும். கத்தி, கம்பி பிரஷ் எல்லாம் கிட்டவே கொண்டு வரக்கூடாது, கோடு விழுந்துரும்.

அப்புறம் உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில வாட்டர் எமரின்னு கேளுங்க, தண்ணியில நனைச்சுத் தேய்க்கறது. 220, 400, 800, 1,200, 2,000ன்னு அஞ்சு தாள் வாங்குனேன். நம்பர் கூடக் கூடத் தாள் நைசா இருக்கும். ஆசிட் தின்ன இடத்துக்கு மட்டும் 220. லேசா மங்கிப் போனதுன்னா 400ல ஆரம்பிச்சாப் போதும். அறுந்த ரப்பர் செருப்பை அட்டையா வெட்டி, அதுல தாளைச் சுத்திக்கிட்டா அழுத்தம் ஒரே மாதிரி விழும்.

முதல் தாளை நீளவாட்டுல தேய்ங்க, அடுத்ததைக் குறுக்கவாட்டுல. முந்தின கோடு மறையற வரைக்கும் அடுத்த தாளுக்குப் போகாதீங்க. ஒவ்வொரு தடவையும் சேறு மாதிரி வர்றதைச் சுத்தமாக் கழுவிடணும். பழைய தாளோட ஒரு மணல் தங்கினாலும் புதுசாக் கோடு போடும். கறை இருக்கற இடத்தையே தேய்ச்சா குழி விழுந்துரும், சுத்தியும் சேர்த்துத் தேய்ங்க. காயவிடாம ஈரத்தோடவே தேய்ங்க, தூசி மூக்குல ஏறாது.

நாலடி மேடைக்கு எனக்கு ரெண்டு சாயங்காலம் ஆச்சு. 800 தாண்டும்போதே கருப்பு எட்டிப் பார்த்துச்சுங்க. அந்த நேரத்துச் சந்தோஷம், காஞ்ச காட்டுல முதல் முளை பார்க்கற மாதிரி.

ஒரு நாள் நல்லாக் காயவிட்டு, ஆளிவிதை எண்ணெயைத் துணியில தொட்டு மெல்லிசாப் பூசி, கால் மணி நேரம் கழிச்சு மிச்சத்தைத் துடைச்சு எடுத்தேன். தேங்காய் எண்ணெயும் கருப்பைக் காட்டும், ஆனா காயாது, தூசி ஒட்டும். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. அது காயும்போது தானாச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணியில நனைச்சு, வெளியில விரிச்சுப் போட்டுருங்க.

அம்மா பிடிக்கற ஓரத்துல மட்டும் 400 தாளோட நிறுத்திட்டேன், எண்ணெயும் வைக்கலை. கை வழுக்கக்கூடாது பாருங்க. அதே மாதிரி பாத்ரூம் தரைக்கு இந்த மெருகு வேலையே வேண்டாம். அடுத்த நாள் அம்மா மேடையைத் தடவிப் பார்த்துட்டு, "இப்பத்தான் நம்ம கல்லு மாதிரி இருக்குது சாமி"ன்னாங்க. உள்ளே நடுவுல நைசு, ஓரத்துல சொரசொரப்புன்னு அவங்க கையே கண்டுபிடிச்சிருச்சு.

செலவு தாளுக்கும் எண்ணெய்க்கும் சேர்த்து 300 ரூபாய்க்குள்ள. இப்ப ராத்திரி கடைசியாப் போறவங்க காஞ்ச துணியால மேடையைத் துடைச்சிட்டு வரணும்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். தண்ணி நின்னு காஞ்சாத்தான் உப்பு படியும், துடைச்சுட்டா படிய வழியில்ல. மூணு மாசத்துக்கு ஒருக்கா எண்ணெய் தொட்டு வச்சாப் போதும்.

உங்க வீட்டுலயும் பழைய கல்லு மங்கிக் கிடந்தா, பேக்கறதுக்கு முன்னாடி ஒரு மூலையில தேய்ச்சுப் பாருங்க.