நாணயக் குதிரைவீரன்

டாரட் கட்டில் சிரமம் தருபவை பெரிய சீட்டுகள் அல்ல. மரணமும் இடிந்து விழும் கோபுரமும் தலைகீழாகத் தொங்குபவனும் தாங்களே பேசிவிடுகின்றன. சிரமமெல்லாம் அரசவைச் சீட்டுகளில், அவற்றிலும் குதிரைவீரர்களில். 78 சீட்டில் இவர்கள் 4 பேர். கோல், கோப்பை, வாள், நாணயம் என்று வகைக்கு ஒருவன். இவர்களில் ஒருவன் வந்து விழுந்தால் கைப்புத்தகங்கள் மூன்று வழி சொல்கின்றன. இவன் வரப்போகிற ஓர் ஆள். அல்லது கேட்பவனுடைய சுபாவம். அல்லது நடக்கப்போகிற ஒரு காரியம். மூன்றில் எது என்று கேட்டால் புத்தகம் வாயை மூடிக்கொள்ளும். பிறகு ஒரு பட்டியல்: கோல் அவசரக்காரன், கோப்பை காதலன், வாள் முரடன், நாணயம் பொறுமைசாலி. இதற்கும் வாரப் பத்திரிகையின் ராசிபலனுக்கும் என்ன வித்தியாசம் என்பது எனக்கு விளங்கவில்லை.

கிளி ஜோசியரிடம் இந்தச் சங்கடம் இல்லை. கிளி ஒரே ஒரு சீட்டைத்தான் இழுக்கிறது. முருகன் வந்தால் முருகன். டாரட்டில் சீட்டுக்குப் பக்கத்தில் சீட்டு விழுகிறது. விழுந்த மாத்திரத்தில் அது ஒரு வாக்கியமாகிவிடுகிறது. வாக்கியத்தில் ஒரு சொல்லுக்கு அகராதிப் பொருள் மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோகிறவனை நாம் விமர்சகன் என்று ஒப்புக்கொள்வதில்லை. சீட்டுப் படிப்பவனுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

குதிரைவீரன் யார் என்பதைச் சீட்டின் சரித்திரத்திலிருந்து பார்ப்பது பிரயோஜனமாக இருக்கும். 14ஆம் நூற்றாண்டில் மம்லூக் எகிப்து வழியாகச் சீட்டு ஐரோப்பாவுக்குப் போனபோது, அரசனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவன் நாயிப். பிரதிநிதி என்று பொருள். அவனுக்குக் கீழே இன்னொரு பிரதிநிதி. ராணி கிடையாது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அந்தப் பிரதிநிதி குதிரை ஏறினான். நம் பக்கத்துக் கஞ்சிஃபாவிலும் கிட்டத்தட்ட இதுதான்: தசாவதாரக் கட்டில் 120 சீட்டு, வகைக்கு ஒரு ராஜா, ஒரு மந்திரி, மந்திரி பெரும்பாலும் குதிரைமேல். பிரெஞ்சுக் கட்டு ராணியை வைத்துக்கொண்டு குதிரைக்காரனைத் தள்ளிவிட்டது. அந்தக் கட்டுதான் நம் திண்ணைகளுக்கு வந்து சேர்ந்தது. அதில் எஞ்சிய சேவகனுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் ஜாக்கி. பந்தயக் குதிரை ஓட்டுபவனுக்கும் அதே பெயர். தற்செயல்தான்.

நாயிப் என்பதன் பன்மையிலிருந்து வந்தது நவாப் என்ற சொல். 1773இல் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்த ஆற்காட்டு நவாபின் பட்டத்துக்கு மூலம் இந்தப் பிரதிநிதிதான். ஆகவே குதிரைவீரனைப் பார்த்ததும் 'இவன் எப்படிப்பட்டவன்' என்று கேட்பது இரண்டாம் பட்சம். 'இவன் யாருடைய ஆள், எதற்காக அனுப்பப்பட்டவன்' என்பதே முதல் கேள்வி. அரசன் அனுப்புகிறவன். இவன் போகிறவன்.

இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டு. வெய்ட் என்பவர் திட்டம் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். கூலி சொற்பம் என்று அவரே குறைப்பட்டிருக்கிறார். கட்டுக்கு நெடுங்காலம் வழங்கிய பெயரில் பதிப்பாளரும் வெய்ட்டும் இருந்தார்கள், வரைந்தவள் இல்லை. போகட்டும். அவர் செய்த நல்ல காரியம், நான்கு பேருடைய சுபாவத்தையும் முகத்தில் எழுதாமல் குதிரையின் காலில் எழுதியது. கோல்காரனின் குதிரை முன்னங்கால் தூக்கி எழும்புகிறது. கோப்பைக்காரனுடையது நடக்கிறது. வாள்காரனுடையது காற்றில் மரங்கள் வளையப் பாய்கிறது. நாணயக்காரனுடையது, கறுப்பு, கனத்த உடம்பு, நிற்கிறது. பொய்க்கால் குதிரை பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு இது உடனே பிடிபடும். அங்கே குதிரைக்கென்று தனியாகக் கால் ஏது? ஆள் போகிற போக்குத்தான் குதிரை.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு டாரட் முதலில் எலியட் வழியாகத்தான் வருகிறது. எனக்கும் அப்படித்தான். 1917லிருந்து 1925 வரை அவர் லாயிட்ஸ் பாங்கில் குமாஸ்தா என்பதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு அல்ப சந்தோஷம். 1922இல் வந்த 'பாழ்நிலம்' கவிதைக்கான குறிப்புகளில், கட்டின் அமைப்பு தனக்குச் சரியாகத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார். வறண்ட நிலத்துக்கு நீர் கேட்டுப் போகும் குதிரைவீரனின் கதைதான் அந்தக் கவிதையின் அடித்தளம். ஆனால் அதில் ஜோசியக்காரி எடுத்துப் போடும் சீட்டுகளில் ஒரு குதிரைவீரன்கூட இல்லை. வரவேண்டியவன் வரவில்லை என்பதையும் கவிதையின் பகுதியாகவே நான் படிக்கிறேன்.

2024 ஜூனில் என் தம்பி சீட்டுப் போடச் சொன்னான். அவனுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. எனக்கும் வேறுவிதமாகக் கிடையாது. அந்த வருஷம் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை. ஆறு மா சொந்தம், கோயில் குத்தகை கொஞ்சம். போர் உள்ளவர்கள் நாற்று விட்டுவிட்டார்கள். இவனுக்குப் போர் இல்லை. சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு ஒரு ஏஜெண்டு ஆள் எடுத்துக்கொண்டிருந்தான். அம்மாவின் நகையை வைத்தால் பணம் கட்டிவிடலாம். இருப்பதா போவதா என்பதுதான் கேள்வி.

மூன்று சீட்டு. இடதுபுறம் நான்கு நாணயம்: காசை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். வலதுபுறம் எட்டுக் கோப்பை: எட்டையும் அடுக்கிவைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடந்துபோகிறவன். நடுவில் நாணயக் குதிரைவீரன்.

புத்தகப்படி படித்தால் சௌகரியமான பதில் இருந்தது. உழைப்பாளி, நிதானி, நிலத்தை விடாதவன், ஆகவே இரு. நான் அதைச் சொல்லவில்லை. படத்தில் அவனுக்குப் பின்னால் இருப்பது உழுதுபோட்ட வயல். ஒரு பச்சை கிடையாது. இங்கிலாந்துக்காரனுக்கு அது முடிந்த வேலை, இனி விதைக்க வேண்டியதுதான் பாக்கி. டெல்டாக்காரனுக்கு ஜூன் மாதத்தில் உழுதுபோட்டு வெறுமனே கிடக்கும் வயல் என்றால் அர்த்தமே வேறு. தண்ணீர் வரவில்லை. குதிரை நிற்பது பொறுமையினாலா, வழியில்லாமலா? இதைத்தான் தம்பியிடம் சொன்னேன். முகமும் வலதுபக்கம் திரும்பியிருக்கிறது, போகிறவனையே பார்த்துக்கொண்டிருக்கிறான் பார், என்றேன்.

தம்பி சீட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தான்.

"இது நான் இல்லண்ணே."

"ஏன்டா?"

"இவன் மேல மண்ணே படலியே. இரும்புச் சட்டையப் போட்டுக்கிட்டு குதிரைமேல உக்காந்துருக்கான். கையில காசு. உழுதவன் வேற எவனோ. இவன் கடன் குடுக்க வந்தவனா, வசூலுக்கு வந்தவனான்னு பாத்துச் சொல்லு. உங்க பேங்க் ஆளு மாதிரில்ல இருக்கு."

நான் படித்த கைப்புத்தகம் எதிலும் இந்த விளக்கம் இல்லை. ஆனால் இதுதான் சரியான விளக்கம். நாயிப் என்ற சொல்லைக் கேட்டிராமலே முதல் கேள்வியைக் கேட்டுவிட்டான்: யாருடைய ஆள்? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்துபோன ஜில்லா இது. கூலி நெல் எத்தனை படி என்பதுதான் அங்கே தகராறின் வேர். இந்த மண்ணில், உழுத வயலைக் குதிரைமேலிருந்து பார்ப்பவனைப் பொறுமைசாலி என்று மட்டும் படித்துவிட்டுப் போக முடியாது. அவனுக்குப் பொறுமை இருக்கலாம். பொறுமைக்கு வட்டியும் இருக்கும்.

நிற்கிற குதிரை என்றாலே நமக்கு இன்னொன்றும் ஞாபகம் வர வேண்டும். ஊர் எல்லையில், வயலைப் பார்த்து நிற்கும் அய்யனாரின் மண் குதிரைகள். பகலில் அவற்றின் மேல் ஆள் இல்லை. இரவில் அய்யனார் ஏறி ஊரைச் சுற்றி வருகிறார் என்பது நம்பிக்கை. அங்கே நிற்பது காவல். இரண்டு குதிரைகளும் நிற்கின்றன, இரண்டும் வயலோரம். ஒன்று காக்க நிற்கிறது, ஒன்று கணக்குப் பார்க்க. சீட்டில் இருப்பது எது என்று தீர்மானிக்கப் படம் மட்டும் போதாது. யார் கேட்கிறான், எந்த மாதத்தில் கேட்கிறான் என்பதும் சேர வேண்டும். கவிதையிலும் ஒரு படிமம் இப்படித்தான் வேலை செய்கிறது என்பேன். படிமத்துக்கு நிரந்தர அர்த்தம் கொடுத்து அகராதி போடுகிற நண்பர்களுக்கு இது கோபத்தை உண்டாக்கலாம்.

அந்த வருஷம் ஜூலை 28இல் மேட்டூர் திறந்தது. குறுவைக்கு அது உதவவில்லை. தம்பி இருந்தான் என்றால் சீட்டு ஜெயித்ததாக எடுத்துக்கொள்வார்கள், போனான் என்றால் என் படிப்பு ஜெயித்ததாக. அவன் சம்பாவை நட்டான். களையெடுத்து மேலுரம் போட்டு முடிகிறவரை இருந்தான். கார்த்திகையில் சிங்கப்பூர் போனான்.

நிலத்தை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆள் விட்டு உழுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் போய், வண்டியை விட்டு இறங்காமல் வரப்போரம் கால் ஊன்றி நின்று பார்ப்பேன். கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவேன்.