குளிர் காலமும் எங்கள் குதிரை லாயமும்

ஏப்ரல் விடுமுறையில் நீங்களும் குடும்பத்தோடு நுவரெலியாவுக்கு வந்து போயிருப்பீர்கள். கிறகரி வாவிக் கரையில் பிள்ளையைக் குதிரை மேல் ஏற்றி வைத்து ஒரு படமும் எடுத்திருப்பீர்கள். பிள்ளை இறங்கியதும் குதிரையை மறந்திருப்பீர்கள், அது இயல்புதான். ஆனால் அந்தக் குதிரையை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. அப்படியொரு குடும்பத்தின் மருமகள் நான். ஏப்ரலில் எங்கள் கைக்கு வரும் வருமானம், டிசம்பரிலும் ஜனவரியிலும் லாயத்துக்குள் நாங்கள் செய்யும் வேலையில் தங்கியிருக்கிறது. அந்த வேலையைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் கதைக்க விரும்புகிறேன். ஆடு, மாடு, கோழி வளர்க்கும் சகோதரிகளுக்கும் இதில் எடுத்துக்கொள்ளச் சில விடயங்கள் உண்டு.

எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மூடுபனியும் ஓயாது. மழை விட்டு வானம் தெளிந்த ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் துகள் உறைபனி விழும். விடியற்காலையில் பந்தயத் திடலின் புல் வெள்ளையாகக் கிடக்கும். அந்த நேரத்தில் ஸுபஹுக்கு எழுந்து குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப் போகும்.

இப்படிப்பட்ட குளிரில் எவருக்கும் முதலில் தோன்றுவது என்ன? லாயத்தின் இடைவெளிகளை எல்லாம் அடைத்துவிட வேண்டும் என்பதுதான். என் மாமியும் அதைத்தான் சொன்னார்.

“புள்ள, மனிசருக்கே பல்லுக் கிடுகிடுக்குது. வாயில்லாத சீவன் என்ன செய்யும்? அந்த மேல் யன்னலுக்கு நாலு சாக்கைக் கட்டிவிடு.”

மாமியின் இரக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ராணியைப் பார்க்க வரும் மிருக வைத்தியர் எங்களுக்கு வேறு விதமாகச் சொல்லித் தந்திருந்தார். குதிரை குளிரைத் தாங்கும் பிராணி. குளிர்பட்டால் அதன் ரோமம் சிலிர்த்து நின்று, இடையில் காற்றைப் பிடித்துவைத்துக் கொள்ளும். அது தின்னும் புல் பெருங்குடலில் நொதிக்கும்போது உள்ளிருந்தே உடம்பு சூடாகும். உடம்பு காய்ந்திருந்து, வயிறு நிறைந்திருந்து, நேரே வீசும் காற்றுப் படாமலும் இருந்தால் எங்கள் ஊர்க் குளிர் அதற்குப் பெரிய விடயமல்ல. அதைக் கெடுப்பவை ஈரமும் அடைந்த காற்றும்தான்.

ஏன் என்று கேட்பீர்கள். நன்கு வளர்ந்த ஒரு குதிரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 14 கிலோ சாணமும் 9 லீற்றர் சிறுநீரும் கழிக்கும். சிறுநீரில் கிருமிகள் வேலை செய்யும்போது அமோனியா வாயு எழும்பும். கண்ணைக் கரிக்கும் அந்த வாடை நீங்கள் அறிந்ததுதான். வைக்கோலிலும் காய்ந்த புல்லிலும் இருக்கும் பூஞ்சணத் தூசி அதோடு சேரும். காற்றுப் போக வழியில்லாவிட்டால் இரவு முழுவதும் குதிரை அதைத்தான் சுவாசிக்கும். மனிதருக்கு வருவது போல் குதிரைக்கும் ஆஸ்துமா வரும். ஒரு முறை வந்தால் முழுமையாக விட்டுப்போவது அரிது.

இதை நான் புத்தகக் கதையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு குடும்பமும் குதிரை வைத்திருந்தது. ஒரு டிசம்பரில் அவர்கள் கொட்டிலைச் சுற்றிவரக் கறுப்புப் பொலித்தீனால் அடைத்தார்கள். அன்பினால் செய்த காரியம்தான். ஜனவரியில் ஒரு நாள் அதிகாலை, அவர்கள் கதவைத் திறக்கும் நேரத்தில் மாமியை அங்கே கூட்டிப் போனேன்.

“மாமி, குதிரையின் மூக்கு எங்கே இருக்கிறதோ அங்கே குனிந்து நில்லுங்க” என்றேன்.

மாமி குனிந்தார். ஒரு நிமிடம் தாங்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். திரும்பி வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், “அந்த யன்னல் அப்படியே கிடக்கட்டும்” என்றார்.

பெப்ரவரியில் அந்தக் குதிரைக்கு இருமல் தொடங்கியது. மூச்சை விடும்போது வயிறு இரண்டு தரம் எக்கும். பாரம் ஏற்றக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஏப்ரல் மாதம் முழுவதும் ஊர் நிறையச் சனம்; அந்தக் குதிரை மட்டும் கொட்டிலில் நின்றது. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக அந்தத் தாய் தன் இரு காப்புகளையும் அடகு வைத்தார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும்.

இனி படுக்கைக்கு வருவோம். குதிரை நின்றபடியே தூங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது சிறிது நேரமாவது படுத்தாக வேண்டும். வெறும் சீமெந்துத் தரையில் படுத்தால் குளிர் ஏறும். கால் மூட்டுகளில் புண் வரும். ஆகவே குளிர் காலத்தில் ஆறங்குலத்துக்குக் குறையாமல் படுக்கை போட வேண்டும். சுவர் ஓரங்களில் இன்னும் உயர்த்தி அணை போல் வைத்தால், கீழால் வரும் காற்றும் தடைப்படும். குதிரை சுவரோடு ஒட்டிப் புரண்டு எழும்ப முடியாமல் அகப்பட்டுக்கொள்வதும் குறையும்.

எதைப் போடுவது? வைக்கோல் சூடு தரும், மெத்தென்றும் இருக்கும். ஆனால் ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. தூசியும் பூஞ்சணமும் இருக்கலாம். பசித்த குதிரை படுக்கையையே தின்றுவிடும். நெல் விளையும் கீழ்ப் பிரதேசங்களில் சிறுபோக அறுவடை முடியும்போதே, நன்றாகக் காய்ந்த வைக்கோலாகப் பார்த்து வாங்கி, நனையாமல் வைத்தால்தான் டிசம்பருக்கு உதவும். கையில் எடுத்து உதறிப் பாருங்கள். புகை போல் தூசி பறந்தால் அது வேண்டாம்.

மரச் சீவல் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், குதிரை தின்னாது. நாங்கள் இதைத்தான் அதிகம் பாவிக்கிறோம். மர ஆலையில் எடுக்கும்போது ஆணி, கம்பித் துண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறையானுக்கு மருந்தடித்த மரத்தின் சீவல் கூடவே கூடாது. மிக நுண்ணிய மரத்தூளும் நல்லதல்ல, மூக்கில் ஏறும். உமியிலும் தூசி அதிகம். தென்னந் தும்புத்தூள் தன் எடையைப் போல் பல மடங்கு நீரைக் குடிக்கும். நிறம் கறுப்பென்பதால் நனைந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. கையால் தொட்டுப் பார்த்து அள்ள வேண்டும்.

எந்தப் படுக்கையாக இருந்தாலும், அதைக் காய வைத்திருப்பது நம் கை. காலையில் குதிரையை வெளியே கட்டிவிட்டுத்தான் கூட்டத் தொடங்குவேன். பறக்கும் தூசி அதன் மூக்குக்குப் போகக் கூடாது. சாணத்தையும் நனைந்த பகுதியையும் அள்ளி, தரை உலர்ந்த பிறகு காய்ந்ததைப் பரப்புவேன். மஃரிபுக்கு முன் இன்னொரு முறை சாணம் அள்ளுவேன். குளம்பின் அடியை ஒவ்வொரு நாளும் சுத்தம் செய்வது இவரின் வேலை. ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகி, கெட்ட வாடை வரும்.

குளிர் கூடிய இரவுகளில் தானியத்தைக் கூட்டுவதைவிடப் புல்லைக் கூட்டிக் கொடுப்பதே சூடு தரும். காய்ந்த புல்லை நீரில் நனைத்துக் கொடுத்தால் தூசி அடங்கும். குளிர்ந்த நீரைக் குதிரை குறைவாகக் குடிக்கும். அதனால் குடலில் தீவனம் இறுகி வயிற்றுவலி வரலாம். வெதுவெதுப்பான நீர் இரண்டு வாளி வைத்தால் விரும்பிக் குடிக்கும். போர்வை போடுவதானால் அது காய்ந்திருக்க வேண்டும். ஈரப் போர்வையைவிடப் போர்வை இல்லாதது மேல்.

மேல் யன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். குதிரையின் முதுகுக்கு மேலால் காற்று வந்து போகும். உடம்பில் நேரே அடிக்காது. அவ்வளவுதான் அதன் இரகசியம்.

சகோதரிகளே, வீட்டுக்கும் இதே கதைதான். குளிர் என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவையும் யன்னலையும் இறுகச் சாத்திவிட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு போர்வையைக் கொடுங்கள். அடுப்பை வெளியே வையுங்கள்.

மழைக்காலம் வருமுன் உங்கள் ஆட்டுக் கொட்டிலுக்கோ கோழிக் கூட்டுக்கோ ஒரு நாள் அதிகாலையில் போங்கள். கதவைத் திறந்த உடனே, அந்தப் பிராணியின் மூக்கு மட்டத்துக்குக் குனிந்து ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் கரித்தால், அங்கே என்ன செய்ய வேண்டும் என்று வேறொருவரும் வந்து சொல்லத் தேவையில்லை.