அப்பச்சி எழுதி வைத்த பட்டியல்

நாச்சியாபுரத்தில், அந்த வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் பல வருடங்களாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த காருக்கு ஒருநாள் திடீரென மவுசு வந்தது. கோவையிலிருந்து ஒருவர் தேடி வந்தார். டிராக்கில் ஓட்ட வேண்டும், இப்படியே தாருங்கள், நல்ல விலை தருகிறேன் என்றார்.

ஆத்தாவுக்குச் சம்மதம். "இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. குடுத்துடுப்பா."

மகளுக்குச் சம்மதமில்லை. "ஐயா வாங்குன வண்டிப்பா. நான் ஓட்டணும்."

நடுவில் அவர். காரைக் குடும்பக் காராக இல்லாமல் ஆக்கியவரே அவர்தான்.

அது 1996-ல் அப்பச்சி புதிதாக வாங்கிய மாருதி எஸ்டீம். பிள்ளையார்பட்டிக்கும் கல்யாண வீடுகளுக்கும் போய்வர வாங்கியது. 1,298 சிசி இன்ஜின், 65 குதிரைத்திறன். எடையோ 900 கிலோவுக்கும் குறைவு. எடை குறைந்தால் வேகம் கூடும் என்பதால், ரேஸ்காரர்களின் கண் அதன்மேல் விழுந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பித்து புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. கோவை கரிவரதன் ரேஸ் கார்களையே சொந்தமாகக் கட்டினார். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது.

காரைக்குடி அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்த அவர், நண்பர்களோடு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தயம் பார்த்தார். வீட்டில் நிற்பது போன்ற அதே எஸ்டீம், அங்கே வேறு குரலில் கத்திக்கொண்டு பறந்தது. 1998-ல் அப்பச்சி இரண்டு மாதம் பினாங்கு போயிருந்த நேரம் பார்த்து, வண்டியைக் கோவையில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டார்.

இன்ஜின் காற்றை உறிஞ்சித் தள்ளும் பம்ப் மாதிரி. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும், சக்தி கூடும். அதனால் ஒற்றைக் கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரட்டை வெபர் ஏறியது. வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கும் கேம்ஷாஃப்ட் வந்தது. புகை தடையில்லாமல் போகும் சைலன்சர், குட்டையான முரட்டு ஸ்பிரிங் எல்லாம் மாட்டினார்கள். சிலிண்டர் ஹெட்டையும் லேசாகச் சீவி, அழுத்தத்தைக் கூட்டினார்கள்.

நெடுஞ்சாலையில் வண்டி பாடியது. ஊருக்குள் வந்தால் இருமியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசியது. ஒருமுறை ஏறி இறங்கிய ஆத்தா, "இதுக்கு மாட்டுவண்டியே தேவலை" என்றார்.

ஊர் திரும்பிய அப்பச்சி, திண்ணையில் உட்கார்ந்தபடி சத்தத்தைக் கேட்டார். திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"கழட்டுனதெல்லாம் எங்கே?"

"கோயமுத்தூர்லயே கிடக்கு."

"போய் எடுத்துக்கிட்டு வா."

பஸ்ஸில் போய்ச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். அப்பச்சி வாங்கி வைத்துக்கொண்டார். அதன்பின் அதைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

2011-ல் பதிவுக்காலம் 15 வருடம் முடிந்தது. புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டும். இந்தக் கோலத்தில் காட்ட முடியாது. அப்பச்சியும் அந்த வருடமே போய்விட்டார். தார்ப்பாய் விழுந்தது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்பதை 2019-ல் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது.

ஆக, இரண்டே வழி. டிராக்குக்கு விற்கலாம். அல்லது பழையபடி ஆக்கலாம். தன் இளமையைத் தானே கழற்றுவது போல இருந்தது அவருக்கு.

கோவைக்காரருக்குப் பதில் சொல்லும் முன், சாமான் அறையைத் திறந்தார். பர்மா காலத்து எனாமல் கேரியர்கள், பித்தளை அண்டாக்கள். எத்தனையோ வீட்டுச் சாமான்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. இந்த வீட்டில் எதுவும் போகவில்லை. மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய பொட்டலங்கள். மேலே, கணக்கு எழுதும் அப்பச்சியின் கையெழுத்தில் ஒரு தாள்.

கார்புரேட்டர் 1. காற்று வடிகட்டிப் பெட்டி 1. கேம்ஷாஃப்ட் 1. ஸ்பிரிங் 4... ஆக உருப்படி 11.

கீழே ஒரு வரி: 'திரும்பப் பூட்டும்போது எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்.'

'பூட்டினால்' என்று எழுதவில்லை, 'பூட்டும்போது'. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வேலை இரண்டு மாதம் இழுத்தது. ரப்பர் சாமான்கள் எல்லாம் புதிது போட வேண்டியிருந்தது. பழைய சைலன்சரைத் துரு தின்றிருந்தது. சீவிய ஹெட் மட்டும் திரும்ப வளராதே! மதுரையில் பழைய வண்டி உடைக்கும் இடத்தில் வேறொன்று தேடிப் பிடித்தார். தாமதக் கட்டணமும் சேர்த்துக் கட்டி, ஆர்டிஓ ஆபீசில் காட்டி, பதிவைப் புதுப்பித்தார்.

முதல் பயணம் பிள்ளையார்பட்டிக்கு. மகள் ஓட்டினாள். முன் சீட்டில் ஆத்தா பாதி வழியிலேயே தூங்கிப்போனார். பின் சீட்டில் இருந்த அவருடைய காது அந்தப் பழைய கூவலைத் தேடிக்கொண்டே வந்தது. அது வரவில்லை.

அன்று இரவு இரட்டை வெபரைத் துடைத்து எண்ணெய்த் துணியில் சுற்றினார். கேம்ஷாஃப்டையும் குட்டை ஸ்பிரிங்குகளையும் அதேபோல் கட்டி, அதே டிரங்குப் பெட்டியில் வைத்தார். ஒரு தாளில் பட்டியல் எழுதினார். கடைசி வரியை மட்டும் அப்பச்சி எழுதியபடியே எழுதினார்.